விரல்களுக்கு விழி தந்தவர்



விழா மலர்க் குழுவினர் என்னிடம் வந்து புனிதர் ஒருவருடைய வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது என் மனம் பீடத்தில் ஏற்றப்பட்ட எவரிடமும் செல்லவில்லை. பீடத்துக்கு எதிர்ப்புறம், கோவிலின் பின்மேடையில், ஆர்கனுக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு மனிதரிடம் போய் நின்றுவிட்டது. திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்ததில்லை. அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. கண்பார்வை இல்லாத ஒரு பள்ளி ஆசிரியர். கோவிலில் வழிபாட்டுக்கு இசை வாசித்தவர். அவர் பெயர் லூயி பிரெயில். பிரெயில் எழுத்து என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

பிரான்சு நாட்டில், பாரிஸ் மாநகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்துப் பிழைத்தவர் சிமோன் ரெனே பிரெயில். அவருக்கும் அவர் மனைவி மோனிக் அம்மாளுக்கும் நான்கு மக்கள். கடைக்குட்டியான லூயி 1809-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தான். பெற்றோருக்கு வயது சற்று ஏறிய காலத்தில் பிறந்த பிள்ளை. செல்லத்துக்குக் கேட்கவா வேண்டும்?

1812-இல் ஒரு நாள். மூன்று வயதுக் குழந்தை தந்தையின் பட்டறைக்குள் நுழைந்துவிட்டது. தந்தை தோலை வெட்டுவதையும் துளைப்பதையும் அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. தானும் செய்து பார்க்க ஆசைப்பட்டது. கையில் எடுத்த கூரிய கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. கிருமிகள் என்றால் என்னவென்று மருத்துவர்களே அறியாத காலம் அது. குத்துண்ட கண்ணின் நோய் மறு கண்ணையும் பற்றியது. ஐந்து வயது ஆவதற்குள் இரு கண்களும் இருண்டுவிட்டன. தன் பட்டறையில், தன் கருவியால், தன் பிள்ளை பார்வையிழந்ததை அந்தத் தகப்பன் எப்படித் தாங்கினார் என்பதை ஏட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் அவர் என்ன செய்தார் என்பது தெரியும். மகனுக்கு ஒரு கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி ஊர்த் தெருக்களில் நடக்கப் பழக்கினார். பட்டறையில் சிறு சிறு வேலைகளைக் கொடுத்துத் தோலின் வகைகளைத் தொட்டறியச் செய்தார். பிறகு ஒரு பலகையில் ஆணிகளை எழுத்துகளின் வடிவில் அறைந்து, பிள்ளையின் விரலைப் பிடித்து அவற்றின் மேல் ஓட்டினார். படிப்பாளி அல்லர் அவர், தோல் தொழிலாளி. பார்வையற்றவன் விரலால் படிக்கலாம் என்பதை அந்தப் பையன் முதன்முதலில் கற்றுக்கொண்டது தன் தகப்பனாரின் ஆணிப் பலகையில்தான். அப்போது நாட்டிலும் அமைதி இல்லை. நெப்போலியனின் வீழ்ச்சியை ஒட்டி 1814 முதல் 1816 வரை அயல்நாட்டுப் படைகள் கூவ்ரேயில் வந்து தங்கின. ஏழைக் குடியானவர்களின் வீடுகளில் எல்லாம் போர்வீரர்கள். வீட்டுக்குள் தெரியாத மொழிகளும் தெரியாத காலடிகளும் கேட்கும் நாட்களில் அந்தப் பார்வையற்ற சிறுவன் வளர்ந்தான்.

1815-இல் அவ்வூர்ப் பங்குக்குப் புதிய பங்குத்தந்தை வந்தார். அருட்தந்தை ஜாக் பாலுயி என்பது அவர் பெயர். அவர் இந்தச் சிறுவனைக் கண்டார். தம் அறைவீட்டுக்கு வரவழைத்து, பூக்களை மணத்தால் அறியவும் பறவைகளைக் குரலால் அறியவும் பழக்கி, மறைக்கல்வியும் புகட்டினார். பிறகு ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷெரேயிடம் சென்று, இவனையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு, சேர்த்தும் விட்டார். பார்வையற்ற பிள்ளைகள் பிச்சையெடுக்கவோ வீட்டு மூலையில் கிடக்கவோ பிறந்தவர்கள் என்று உலகம் எண்ணிய காலத்தில் இது சிறிய காரியமல்ல. லூயி கேட்டதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொண்டு வகுப்பில் முன்னணியில் நின்றான். ஆனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும் நேரம் வந்தால் அவன் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பான். இது போதாது என்று கண்ட பங்குத்தந்தை, அவ்வூர்ப் பிரபுவான ஓர்வில்லியே கோமகனை அணுகி, பாரிசில் இருந்த பார்வையற்ற இளைஞர் கல்விக்கூடத்தில் இவனுக்கு உதவித்தொகையோடு ஓர் இடம் கிடைக்கச் செய்தார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு பங்கில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, பின்கட்டில் பார்வையற்ற பெண் குழந்தை ஒன்று பாயில் உட்கார்ந்திருக்கக் கண்டேன். விருந்தினர் கண்ணில் படாதபடி அங்கே உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்துச் செபித்தேன், தீர்த்தம் தெளித்தேன், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பங்கில் நான் இருந்த காலமெல்லாம் மறுபடி அந்த வாசற்படியை மிதித்ததாக நினைவில்லை. பாலுயி அடிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாய்தான் என் கண்முன் வருகிறது.

1819-ஆம் ஆண்டு பெப்ரவரி 15-ஆம் நாள், பத்து வயது நிரம்பிய லூயி அந்தக் கல்விக்கூடத்தில் சேர்ந்தான். அதைத் தோற்றுவித்தவர் வாலந்தீன் ஆயூய் என்னும் அறிஞர். 1771-இல் பாரிஸ் திருவிழாச் சந்தை ஒன்றில், பார்வையற்றவர்களுக்குக் கோமாளித் தொப்பியும் கண்ணாடியும் மாட்டி, இசைக் கருவிகளைக் கையில் கொடுத்து, கூட்டம் கைகொட்டிச் சிரித்ததைக் கண்டு உள்ளம் நொந்தவர் அவர். அந்த வேதனையே பிறகு 1785-இல் பள்ளியாக முளைத்தது. தடித்த தாளில் சாதாரண எழுத்துகளையே மேடாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தார்.

லூயி வந்து சேர்ந்த கட்டடத்தைப் பற்றியும் ஒரு சொல். அது முன்னாளில் புனித பிர்மேன் குருமடமாக இருந்தது. அதற்கும் முன்னே, நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் நன்கு அறிந்த அந்தப் புனிதர் தம் துறவற சபையைத் தொடங்கிய கல்லூரி அதுவே. பிரெஞ்சுப் புரட்சியின்போது அது சிறைச்சாலையாக மாற்றப்பட்டது. 1792 செப்டம்பரில் பல குருக்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். ஆயூயின் சொந்தத் தமையனாரும் ஒரு குரு. கல் படிகங்களின் இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அவரும் அங்கே அடைபட்டு, கொலைக்குச் சில நாட்களுக்கு முன் நண்பர்களின் முயற்சியால் விடுதலையானார். இத்தனை வரலாறு கொண்ட கட்டடம் பிள்ளைகள் தங்குவதற்கு ஏற்றதாக இல்லை. ஈரம் கசியும் சுவர்கள், காற்றோட்டமில்லாத அறைகள், குறைவான உணவு. அங்கே படித்தவர்களில் பலர் நெஞ்சுநோய்க்கு ஆளானார்கள்.

மேடாக அச்சிட்ட அந்தப் புத்தகங்களில் இரண்டு குறைகள் இருந்தன. எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் விரலால் தேடி அறிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது இரண்டாவது குறை. அந்த எழுத்துகளைப் பார்வையற்றவர்கள் தாங்களே எழுத முடியாது. பிறர் அச்சிட்டுத் தந்தால் படிக்கலாம். ஒரு கடிதம், ஒரு கணக்கு, மனத்தில் தோன்றிய ஒரு பாட்டு, எதையும் தாமாகக் குறித்து வைக்க இயலாது. பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் அவர்கள். தாங்கள் சொல்வதற்கு வழியில்லை.

1821-இல் சார்ல் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, தாம் வகுத்த ஒரு புள்ளி எழுத்து முறையை அந்தக் கல்விக்கூடத்துக்கு அறிமுகம் செய்தார். இருளிலும் தடவிப் படிக்கக்கூடிய எழுத்து அது. கூர்முனைக் கருவியால் தாளைக் குத்தினால் மறுபுறம் புள்ளி மேடாக எழும். மாணவர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அந்த முறையும் சிக்கலானது. ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள்வரை தேவைப்படும். அத்தனை புள்ளிகள் ஒரு விரல்நுனியின் கீழ் அடங்கா. சொல்லின் ஒலி கிடைக்குமே தவிர எழுத்துக்கூட்டு கிடைக்காது. நிறுத்தக்குறி இல்லை, எண்ணும் இசையும் எழுத வழியில்லை.

பன்னிரண்டு வயதுப் பையன் இதில் அமர்ந்தான். பகலில் பாடங்களும், பின்னல் வேலை, செருப்பு தைத்தல் போன்ற கைத்தொழில்களும் உண்டு. ஆகவே இரவிலும் விடியற்காலையிலும் தாளும் எழுத்தூசியுமாய் உழைத்தான். விடுமுறைக்குக் கூவ்ரே சென்றாலும் புள்ளி குத்துவதை விடவில்லை. மூன்றாண்டுகள் கழிந்தன. 1824-இல், பதினைந்து வயதில், அவனுடைய முறை உருப்பெற்றது. பகடைக்காயின் ஆறாம் முகத்தை எண்ணிக்கொள்ளுங்கள்: மூன்று மூன்றாய் இரு வரிசை, மொத்தம் ஆறே புள்ளிகள். எது மேடாக எழுகிறது, எது எழவில்லை என்பதைக் கொண்டு 63 குறிகள் கிடைக்கின்றன. எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் இசைக்கும் அவை போதும். அனைத்துக்கும் மேலாக, ஒரு குறி முழுவதும் விரல்நுனியில் அடங்கிவிடும். விரலை மேலும் கீழும் அலைக்க வேண்டியதில்லை. ஓர் ஊசியும் வரிச்சட்டமும் இருந்தால் பார்வையற்றவர் தாமே எழுதலாம்.

1829-இல் இம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. சொற்களோடு, இசையையும், கோவில்களில் பாடும் பழைய இலத்தீன் பண்ணையும் எழுதும் வழி அதில் இருந்தது. பார்பியேயின் முறையே தமக்கு வித்திட்டது என்பதை அந்நூலின் முன்னுரையில் நன்றியோடு ஒப்புக்கொண்டார் பிரெயில். பிறருக்குச் சேரவேண்டிய பெருமையைத் தாம் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

இனி உலகம் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தலைவராயிருந்த பீனியே நல்லவர். மாணவர்கள் புள்ளி எழுத்தைப் பயன்படுத்த இடம் கொடுத்தார். அரசோ பழைய எழுத்தையே ஏற்றிருந்தது. பிரெயில் அங்கேயே 1828 முதல் துணை ஆசிரியராகவும், 1833 முதல் முழு ஆசிரியராகவும் பணிபுரிந்தார். இலக்கணம், வரலாறு, நிலநூல், கணக்கு, இசை எல்லாம் கற்பித்தார். புனித நிக்கோலாஸ் கோவிலிலும் பிற்காலத்தில் புனித வின்சென்ட் தே பவுல் கோவிலிலும் ஆர்கன் வாசித்தார். வேலையின்றித் தவித்த பார்வையற்ற நண்பர் ஒருவருக்காகத் தமக்குக் கிடைத்த ஆர்கன் பணியையே விட்டுக்கொடுத்தார் என்றும் அவர் தோழர்கள் கூறியிருக்கிறார்கள். 26 வயதில் இருமலோடு இரத்தம் வந்தது. காசநோய். அன்று அதற்கு மருந்தில்லை. இன்னும் எத்தனை ஆண்டு என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார் என்ற நிலையில், அவர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

1839-இல் அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாக வெளியே தெரியாதது. புள்ளி எழுத்தைப் பார்வையற்றவர்கள் தங்களுக்குள் எழுதிப் படிக்கலாம். ஆனால் ஊரில் இருக்கும் தாய்க்கு மகன் எப்படி எழுதுவான்? தாய்க்குப் புள்ளி தெரியாதே. ஆகவே புள்ளிகளைக் கொண்டே சாதாரண எழுத்தின் வடிவத்தை வரையும் ஒரு வழியைக் கண்டார். முன்னாள் மாணவரும் பார்வையற்றவருமான பியேர் பூக்கோ அதற்கென்று ஓர் இயந்திரமும் அமைத்துக் கொடுத்தார். தட்டச்சுப் பொறி கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பார்வையற்ற பிள்ளைகள் தம் கையால் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். மோனிக் அம்மாளை விட்டுப் பத்து வயதில் பிரிந்து வந்தவருக்கு அல்லவா இதன் அருமை தெரியும்!

1840-இல் பீனியே பதவி நீக்கப்பட்டு, துபோ என்பவர் தலைவரானார். அவர் புள்ளி எழுத்தை வகுப்புகளிலிருந்து விலக்கினார். துபோவைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்வையுள்ளவர்கள் படிக்க முடியாத தனி எழுத்து ஒன்றைக் கொடுத்தால், பார்வையற்றவர்கள் சமுதாயத்திலிருந்து பிரிந்துபோவார்கள் என்று அக்காலக் கல்வியாளர் பலர் உண்மையாகவே நம்பினார்கள். கண்ணுக்கு அழகாய்த் தெரிந்த எழுத்தை விரலுக்கும் எளிதென்று எண்ணிவிட்டார்கள். விரலைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நல்ல எண்ணத்தோடு பிறருக்காக முடிவு செய்துவிட்டு, அவர்களைக் கேட்க மறந்துபோகும் இந்தக் குறை பங்குப் பேரவைகளுக்கும் பங்குத்தந்தையருக்கும் அறவே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

பிரெயில் எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. அவர் மாணவர்களோ புள்ளியை விடவில்லை. ஊசி கிடைக்காவிட்டால் கிடைத்த கூர்முனையால் குத்தினார்கள். தடை செய்யப்பட்ட எழுத்தில் இரவில் குறிப்பெடுத்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். துபோவின் உதவியாளரான குவாதே இதைக் கவனித்து, தாமே மனம் மாறி, பிள்ளைகளின் பக்கம் நின்றார். 1844-ஆம் ஆண்டு பெப்ரவரி 22-ஆம் நாள், கல்விக்கூடத்தின் புதிய கட்டடத் திறப்பு விழா. பெரியோர் கூடிய அந்த அவையில் பிரெயில் முறை வெளிப்படையாகப் பாராட்டப்பட்டது. ஒரு பிள்ளை, சொல்லச் சொல்லப் புள்ளிகளில் எழுதியது. அப்போது அவையில் இல்லாத இன்னொரு பிள்ளை வந்து, அதைத் தடவிப் பிழையின்றிப் படித்தது. அதன் பிறகு தடை நிற்கவில்லை.

அந்த வெற்றியை அனுபவிக்க அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. நோய் முற்றி வகுப்புகளை விட வேண்டியதாயிற்று. நீண்ட காலம் கூவ்ரேயில் தங்கி ஓய்வெடுத்தார். சற்றுத் தெளிந்ததும் மறுபடி பாரிசுக்குத் திரும்பினார். 1851 டிசம்பரில் இரத்தப்பெருக்கு மிகுந்து படுக்கையில் வீழ்ந்தார். நற்கருணை உட்கொண்டு, சாவை அஞ்சாமல் எதிர்நோக்கியிருந்தார். மரணசாசனம் எழுதுவித்தபோது தாயை நினைத்தார். தம் அறையைப் பெருக்கியவரையும் நோயில் தம்மைப் பார்த்துக்கொண்டவரையும் இரவுக் காவலரையும் நினைத்து ஒவ்வொருவருக்கும் ஏதேனும் வைத்தார். ஒரு சிறு பெட்டியை மட்டும் திறந்து பார்க்காமல் எரித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். 1852 சனவரி 6, மூன்று அரசர்கள் திருநாள். இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்று, நண்பர்களும் தமையனாரும் சூழ்ந்திருக்க, அன்று மாலை உயிர் நீத்தார். 43 வயது நிரம்பி இரண்டு நாள் ஆகியிருந்தது.

நண்பர்களுக்கு அந்தப் பெட்டியின் நினைவு போகவில்லை. திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்தவை கடன்சீட்டுகள். ஏழை மாணவர்களும் மற்றவர்களும் அவரிடம் வாங்கிய கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள். எவரிடமும் திருப்பிக் கேட்கக்கூடாது, யார் கடன்பட்டவர் என்பதும் வெளியே தெரியக்கூடாது என்று அவர் எண்ணியிருக்கிறார். சீட்டுகளை அவர் சொன்னபடியே எரித்தார்கள். அந்தச் செய்தி மட்டும் எரியவில்லை. பெட்டியைத் திறந்தது தவறுதான். ஆனால் திறந்திராவிட்டால் அந்த உள்ளத்தை நாம் அறிந்திருப்போமா என்றும் தோன்றுகிறது.

பாரிஸ் பத்திரிகைகள் அவருடைய மறைவைக் கண்டுகொள்ளவில்லை. உடலைக் கூவ்ரேக்குக் கொண்டு சென்று, தந்தையும் அடக்கமாகியிருந்த ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-இல், அந்தக் கல்விக்கூடம் அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1878-இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு பிற நாடுகளுக்கும் இதையே பரிந்துரைத்தது. அவருடைய முதல் அகரவரிசையில் ஆங்கிலேயரின் டபிள்யூ எழுத்துகூடக் கிடையாது. பிரெஞ்சுக்காரருக்கு அன்று அது வேண்டியிருக்கவில்லை. இன்றோ எத்தனையோ மொழிகள் அதே ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிவிட்டன. 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் வழியே நம் தமிழின் அகரமும் அங்கே ஒரு புள்ளியாகிவிட்டது.

அவர் இறந்து நூறாண்டு நிறைந்த 1952-இல், பிரெஞ்சு அரசு அவருடைய உடலைத் தோண்டியெடுத்து, நாட்டின் பெருமக்கள் துயிலும் பாரிஸ் பாந்தியோன் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றது. பார்வையும் செவிப்புலனும் இழந்த எலன் கெல்லர் அம்மையார் அவ்விழாவுக்கு வந்திருந்தார். பார்வையற்றோர் பலரும் வெண்கோல்களைத் தட்டிக்கொண்டு பாரிஸ் தெருக்களில் பின்னால் நடந்தார்கள். கூவ்ரே மக்கள் தம் ஊர்ப் பிள்ளையை முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய கைகளின் எலும்புகளைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அவை ஒரு சிறு பேழையில், அந்தச் சிற்றூர்க் கல்லறையில், பழைய அடக்கக்குழியின் மேலேயே இருக்கின்றன.